வேலையிடப் பயிற்சிக்கு விஆர்: வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆலை, கிடங்கு, மருத்துவமனை, கடை போன்ற வேலையிடங்களில் விஆர் (கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டில் மெய்நிகர் உலகைக் காட்டும் தொழில்நுட்பம்) பயிற்சி கொண்டுவர நினைக்கும் ட்ரெயினிங், சேஃப்டி, ஹெச்ஆர் துறையினருக்காகவும் அதை உருவாக்கித் தரும் குழுக்களுக்காகவும் எழுதிய பக்கம் இது. பல பதில்களில் ஒரே எடுத்துக்காட்டு வரும்: லாக்அவுட் டேக்அவுட், சுருக்கமாக லோட்டோ. இயந்திரத்தைப் பழுது பார்க்கும் முன் அதற்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் தவறிப்போய் ஆன் செய்துவிடாதபடி பூட்டும் அட்டையும் மாட்டும் நடைமுறை. இதில் ஒரு படி தவறினாலும் ஆள் செத்துப்போகலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

எந்தப் பயிற்சிக்கு விஆர் பொருந்தும்?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் உலகில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை நெடுங்காலமாக ஆராயும் ஜெரமி பெய்லன்சன் நான்கு அளவுகோல்கள் சொல்கிறார். நேரில் செய்தால் ஆபத்தானது, நேரில் செய்யவே முடியாதது, நேரில் செய்தால் கேடு விளைவிப்பது, நேரில் செய்ய அதிகம் செலவாவது. இந்த நான்கில் ஒன்றிலும் சேராத விஷயத்துக்கு விஆர் வேண்டாம்.

415 வோல்ட் ஓடும் பேனலில் ஒருவரைத் தப்பு செய்ய விட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆகவே லோட்டோ பொருந்தும். விடுப்பு விதிகள், பிஎஃப் விவரம், எக்செல் ஆகியவற்றுக்கு ஹெட்செட் மாட்டிவிடுவது வீண்.

நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பேன். இந்த வேலையில் கை உணர வேண்டியது எவ்வளவு? போல்ட்டை எந்த இறுக்கத்தில் நிறுத்துவது என்பதை, விஆரில் கையில் பிடிக்கும் சாதாரண கன்ட்ரோலர் கற்றுத்தராது. வெல்டிங்குக்கு வரும் விஆர்டெக்ஸ் போன்ற சிமுலேட்டர்களில் நிஜ டார்ச்சைப் போன்ற பிடியைக் கொடுப்பது இதனால்தான். தீயணைப்பான் பயிற்சியிலும் நிஜமான கனமுள்ள சிலிண்டர் ஒன்றைக் கையில் கொடுத்துத் தூக்க வைத்தால்தான் அதன் கனம் தெரியும்.

விஆரில் கற்றவர்கள் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறார்களா?

வடிவமைப்பைப் பொறுத்தது. இரண்டு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது.

2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பயிற்சியோடு விஆர் சிமுலேட்டர் பயிற்சியும் கிடைத்தது. பிறகு இரு தரப்பும் நிஜ நோயாளிகளுக்குத் துளைவழிப் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்தபோது, விஆர் குழு பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29% வேகமாக முடித்தது. மற்ற குழுவினர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தவறான திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. அந்த சிமுலேட்டரில் இருந்தது அழகான வயிற்றுக்குள் காட்சி அல்ல. எளிய வடிவங்களை வைத்து இரண்டு கைகளையும் கண்ணையும் ஒருங்கிணைக்கும் பயிற்சி மட்டுமே. குறிப்பிட்ட தேர்ச்சி அளவை எட்டும்வரை அதை அவர்கள் திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

மறுபக்கம், 2019இல் மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. ஒரே அறிவியல் ஆய்வக சிமுலேஷனைச் சாதாரணத் திரையிலும் ஹெட்செட்டிலும் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஹெட்செட்டில் 'அங்கேயே இருக்கிறேன்' என்ற உணர்வு கூடியது, ஆனால் கற்றது குறைந்தது. மூளை அலைப் பதிவுகளும் அவர்களுக்கு அறிவுச்சுமை ஏறியிருந்ததைக் காட்டின.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். செய்து பழக வேண்டியதை விஆரில் வையுங்கள். கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதை வெளியே வைத்துவிடுங்கள். ஹெட்செட்டுக்குள் மிதக்கும் பலகையில் பவர்பாயின்ட் ஓட்டுவது இருக்கும் எல்லா வடிவங்களிலும் மோசமானது. துரதிர்ஷ்டவசமாக அதுதான் நிறைய நடக்கிறது.

பெரிய அளவில் யாராவது செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் வால்மார்ட். 2017இல் ஸ்ட்ரைவர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து தன் பயிற்சி மையங்களில் தொடங்கியது. பிளாக் ஃப்ரைடே கூட்டம் கடைக்குள் பாய்ந்து வரும் காட்சி முதல் பயிற்சிகளில் ஒன்று. 2018இல் 17,000 ஆக்குலஸ் கோ ஹெட்செட்களைக் கடைகளுக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். ஆன்லைனில் வாங்கியதைக் கடையில் எடுத்துக்கொடுக்கும் பிக்கப் டவர் இயந்திரத்துக்கான எட்டு மணி நேரப் பயிற்சி 15 நிமிடமாகச் சுருங்கியதாகத் தகவல் வந்தது.

அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், நிறுவனத் தரப்புச் சொல் அது. கவனிக்க வேண்டியது வேறு. அவர்கள் எடுத்துக்கொண்டது சின்னச் சின்னத் தருணங்கள்: அலமாரியில் எது தவறாக அடுக்கப்பட்டிருக்கிறது, எந்த வாடிக்கையாளரை முதலில் கவனிப்பது. ஹெட்செட்டும் ஊழியர் வேலை செய்யும் கடையிலேயே இருந்தது. பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போய் வர வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

தப்புகளிலிருந்து. ஹெட்செட் வாங்கும் முன், வெண்டாரைக் கூப்பிடும் முன், இந்த வேலையில் ஆட்கள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். விபத்துப் பதிவேடு, மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் அறிக்கை, இரவு ஷிஃப்ட் டெக்னீஷியனோடு ஒரு டீ, இந்த மூன்றும் போதும். மூன்றாவதில்தான் உண்மை அதிகம் வரும். எஸ்ஓபியில், அதாவது எழுதிவைத்த வேலை நடைமுறையில், என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அவசரத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் உங்கள் பயிற்சி நிற்க வேண்டும்.

லோட்டோவில் இப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய எல்லா ஆலையிலும் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்து இயந்திரத்தின் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) பூட்டிவிடுவது. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்காமல் கை வைப்பது. மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே பூட்டோடு நிறுத்திக்கொள்வது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மோட்டாரை இயக்கும் டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சில நிமிடங்கள் மின்னேற்றம் தங்கியிருப்பதையும், நியூமாட்டிக் லைனில் (அழுத்தக் காற்று ஓடும் குழாயில்) காற்றழுத்தம் மிச்சமிருப்பதையும் மறந்துவிடுவது.

இந்த நான்கு தப்புகள் போதும். முழு லோட்டோ பாடத்தையும் விஆரில் வைக்க வேண்டியதில்லை.

ஒரு காட்சியை எப்படி அமைப்பது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

முதல் தப்பையே எடுத்துக்கொள்வோம். பயிற்சி பெறுபவர் ஒரு கன்வேயரின் முன் நிற்கிறார். பெல்ட் சிக்கியிருக்கிறது. சூப்பர்வைசரின் குரல் வாக்கிடாக்கியில் கேட்கிறது: "சீக்கிரம் எடுத்து விடுப்பா, டிஸ்பேட்ச் நிக்குது." சுவரில் ஏறத்தாழ ஒரே மாதிரி ஐந்து ஐசொலேட்டர்கள். இரண்டின் பெயர்ப்பலகையில் கிரீஸ் படிந்திருக்கிறது. அவர் எதை வேண்டுமானாலும் இறக்கலாம். எதைச் செய்ய வேண்டும் என்று அம்புக்குறி எதுவும் மின்னக் கூடாது.

இந்த அம்புக்குறி விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். பச்சை வெளிச்சம் காட்டுவதைத் தொட்டுக்கொண்டே போனால் முடியும் பயிற்சியில், வெளிச்சத்தைத் தொடக் கற்றுக்கொள்வார்கள், வேறொன்றும் இல்லை. நிஜப் பேனலில் எந்த வெளிச்சமும் மின்னப்போவதில்லை. முதல் சுற்றில் வழிகாட்டலாம், இரண்டாவதில் கேட்டால் மட்டும் குறிப்பு கொடுக்கலாம், மூன்றாவதில் எதுவும் வேண்டாம்.

தவறான ஐசொலேட்டரைப் பூட்டியவுடன் சிவப்புத் திரை காட்டி நிறுத்திவிடாதீர்கள். தொடர விடுங்கள். அவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தால் கன்வேயர் ஒரு குலுக்கலோடு நகரும். அப்போது அவருக்கே புரியும், 'அய்யோ, தப்பானதைப் பூட்டியிருக்கிறேன்.' தப்பைச் சரிபார்ப்பு பிடித்துக்கொடுக்கிறது என்பதை அவர் கைப்பட அறிவார். சரிபார்க்காமல் பெல்ட்டில் கை வைக்கப் போனால், தொடுவதற்கு ஒரு நொடி முன் பெல்ட் தானாக ஓடத் தொடங்கும், காட்சி இருண்டுவிடும்.

டெஸ்டரிலும் இதே போல ஒரு நுணுக்கம் உண்டு. மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் டெஸ்டரை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு பூட்டிய இடத்தில், பிறகு மறுபடி முதல் இடத்தில். பழுதான டெஸ்டர் எல்லா இடத்திலும் 'மின்சாரம் இல்லை' என்றே காட்டும். ஐந்தில் ஒரு சுற்றில் விஆர் டெஸ்டரைப் பழுதாக்கி வையுங்கள். நேரில் இந்தப் பயிற்சியைப் பாதுகாப்பாகக் கொடுக்கவே முடியாது.

விபத்தைத் தத்ரூபமாகக் காட்டலாமா? ரத்தம், அலறல்?

வேண்டாம். கூட வேலை பார்த்தவரின் விபத்தை நேரில் கண்டவர்கள் உங்கள் பயிற்சி அறையிலேயே இருக்கலாம். அதிர்ச்சி நினைவில் நிற்கும்தான். எந்தப் படியை விட்டோம் என்பது அதனோடு சேர்ந்து நிற்குமா என்பது வேறு விஷயம். இருண்ட திரை, அதன் பிறகு 'நீங்கள் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவில்லை' என்ற ஒரு வரி, உடனே அதே இடத்திலிருந்து மறுவாய்ப்பு. இவ்வளவு போதும்.

கிராஃபிக்ஸ் எவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும்?

முடிவெடுக்க உதவும் பொருள்கள் நிஜமாக இருக்க வேண்டும். மற்றவை எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் விமானப் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் செய்தார். அவர் குடும்பம் ஆர்கன், பியானோ செய்யும் தொழிலில் இருந்தது, அங்கே பயன்படும் காற்றுத் துருத்திகளை வைத்தே பெட்டியை ஆட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் குட்டையான இறக்கை வைத்த விளையாட்டு விமானம் போல இருக்கும். மேகத்திலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் விமானிகள் தொடர்ந்து இறந்த பிறகு, 1934இல் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. உள்ளே இருந்த கருவிகள் சரியாக அசைந்தன, அது போதுமானதாக இருந்தது.

உங்கள் பேனலின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது, பூட்டு எந்தத் துளையில் நுழைகிறது, இண்டிகேட்டர் எங்கே எரிகிறது என்பவை அச்சாக அப்படியே இருக்கட்டும். கூரையில் தெரியும் ஒளிப் பிரதிபலிப்புக்குச் செலவழிக்கும் பணத்தை இன்னொரு காட்சி எழுதச் செலவிடுங்கள்.

360 வீடியோவா, கணினியில் உருவாக்கிய காட்சியா?

பார்த்துக் கண்டுபிடிக்கும் திறனுக்கு 360 வீடியோ, அதாவது சுற்றிலும் எல்லாத் திசையையும் படம்பிடித்த வீடியோ, போதும்: கிடங்கில் ஆபத்து எங்கே, வாடிக்கையாளர் முகத்தில் எப்போது கோபம் ஏறுகிறது. உங்கள் ஆலையிலேயே ஒரு நாளில் படம்பிடித்துவிடலாம், செலவும் குறைவு. கையால் செய்யும் வேலைக்குப் பொருளைத் தொட்டு நகர்த்த முடிகிற காட்சிதான் வேண்டும். 360 வீடியோவில் குனிந்தோ எட்டியோ பார்க்க முடியாது. இயந்திரம் மாறினால் முழுவதும் மறுபடி எடுக்க வேண்டும்.

ஒரு அமர்வு எவ்வளவு நேரம்?

ஹெட்செட்டுக்குள் பத்து முதல் பதினைந்து நிமிடம். அதில் முதல் இரண்டு மூன்று நிமிடம் கன்ட்ரோலரைப் பழக. இந்தப் பழக்கத்தைத் தவிர்க்காதீர்கள். ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வை, கதவைத் திற, பூட்டைத் திருப்பு என்று விளையாட்டாகச் செய்ய வைத்துவிட்டுப் பாடத்துக்குள் போங்கள். இல்லாவிட்டால் பட்டன் தெரியாமல் தடுமாறும் அனுபவசாலி எலக்ட்ரீஷியனுக்கு வேலை தெரியாது என்று உங்கள் மென்பொருள் மார்க் போடும். அவரும் அதோடு ஹெட்செட்டைத் திரும்பத் தொடமாட்டார்.

ஒரே நாளில் நீளமாகச் செய்வதைவிட, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை எனச் சிறு சிறு அமர்வுகளாகப் பிரித்தால் நினைவில் அதிகம் தங்கும். நினைவாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் எபிங்காஸ் 1885லேயே காட்டிய விஷயம் இது.

தலைசுற்றல், குமட்டல் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கண் 'நகர்கிறோம்' என்கிறது, உட்காதின் சமநிலை உறுப்பு 'நின்றுகொண்டிருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் முக்கியக் காரணம். ஆகவே பயிற்சி பெறுபவர் தானாக அசையாதபோது கேமராவை அசைக்கவே கூடாது. காட்சியை இரண்டு மீட்டர் சதுரத்துக்குள் அடக்கி, நிஜக் காலால் நடக்க விடுவது மிகச் சிறந்தது. தூரம் போக வேண்டுமானால் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும் முறை. ஃபிரேம் வேகம், அதாவது திரையில் படம் மாறும் வேகம், நொடிக்கு 72க்குக் கீழே இறங்கக் கூடாது. கண்களுக்கிடையிலான தூரத்தை ஒவ்வொருவருக்கும் ஹெட்செட்டில் சரிசெய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு 'எனக்கு விஆர் ஒத்துக்காது' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய பேர்.

வலிப்பு, ஒற்றைத் தலைவலி, காதுப் பிரச்சினை, கர்ப்பம் உள்ளவர்களிடம் முன்பே கேட்டு, தயக்கம் இருந்தால் வேறு வழி கொடுங்கள். அசௌகரியம் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லக் கூடாது. சுற்றல் இருக்கும்வரை அவரை இயந்திரத்துக்கோ டூவீலருக்கோ விடாதீர்கள்.

தமிழில் செய்யும்போது என்ன பிரச்சினை வரும்?

முதலில் எழுத்து. விஆர் காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில், எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டாது. 'கெ', 'கொ' போன்றவற்றில் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத டெவலப்பர் இதைக் கவனிக்கவே மாட்டார். எழுத்தைப் படமாக்கி வைப்பது எளிய தீர்வு. தமிழ் வாசிப்பவர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் ஹெட்செட்டுக்குள்ளேயே பார்த்துச் சரிபார்த்தாக வேண்டும்.

அப்புறம் மொழி. 'மின்சுற்று முறிப்பானைத் துண்டிக்கவும்' என்று எந்த ஃபிட்டரும் சொல்வதில்லை. 'பிரேக்கரை இறக்கு' என்பார். குரல் பதிவு அப்படியே இருக்கட்டும். ஹெட்செட்டுக்குள் வாசிப்பது கண்ணுக்குச் சிரமம் என்பதால் குரல்தான் பிரதானம். பேனலில் இருக்கும் பெயர்ப்பலகையை மொழிபெயர்க்காதீர்கள், நிஜத்தில் ஆங்கிலத்தில் இருந்தால் இங்கேயும் ஆங்கிலம்தான். ஒரகடத்திலோ திருப்பூரிலோ உங்கள் தொழிலாளர்களில் பலர் இந்தியோ ஒடியாவோ பேசுபவர்களாக இருக்கலாம். குரல் பதிவுகளைக் காட்சியோடு ஒட்டாமல் தனிக் கோப்புகளாக வைத்தால் பின்னால் வேறு மொழி சேர்ப்பது சுலபம்.

ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு என்ன?

பாதிப் பயிற்சி அப்போதுதான் தொடங்குகிறது. 'எங்கே தயங்கினீர்கள்? ஏன் மூன்றாவது ஐசொலேட்டர்?' என்று கேட்டு, அவரையே விளக்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால், 'நம்ம லைன் ரெண்டுல அந்த போர்டு இப்படித்தான் கிடக்கு' என்று ஒருவர் சொல்வார். பல நேரம் அங்கே மாற்ற வேண்டியது ஆளை அல்ல, கிரீஸ் படிந்த அந்தப் பெயர்ப்பலகையை. அதைக் குறித்துக்கொண்டு போய் மாற்றினால், அடுத்த அமர்வில் ஆட்கள் இன்னும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இந்த உரையாடலுக்கு நேரம் ஒதுக்காத திட்டத்தில் நான் சேரமாட்டேன்.

கண்ணாடி போட்டவர்கள், கொண்டை வைத்தவர்கள், ஹெட்செட்டே வேண்டாம் என்பவர்கள்?

கண்ணாடிக்கு ஸ்பேசர் உண்டு, மாட்டிக்கொள்ளுங்கள். கொண்டையோ இறுக்கமான பின்னலோ இருந்தால் பின்பக்கப் பட்டை சரியாக உட்காராது, பட்டையை மாற்றியமைக்கக் கற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹெட்செட் கண்ணை மறைத்த நிலையில் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று தெரியாதது பல பெண்களுக்குச் சங்கடம். அவர்கள் நம்பும் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்யுங்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள், தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். மாட்டமாட்டேன் என்பவருக்கு அதே காட்சி சாதாரணத் திரையில் கிடைக்க வேண்டும், மதிப்பெண் குறையாமல்.

ஒவ்வொருவருக்கும் பிறகு முகப் பட்டையைத் துடைக்க வேண்டும். லென்சை மைக்ரோஃபைபர் துணியால் மட்டும். ஜன்னலோர வெயிலில் ஹெட்செட்டை வைத்தால் லென்ஸ் வழியாகக் குவியும் ஒளி திரையைச் சுட்டுவிடும்.

செலவு கட்டுப்படியாகுமா?

ஆள் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். பிடபிள்யூசி என்ற ஆலோசனை நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களது மென்திறன் பயிற்சிக்கு 375 பேர் ஆனபோது விஆர் செலவும் வகுப்பறைச் செலவும் சமமாயின. 3,000 பேர் ஆனபோது விஆர் 52% மலிவு. அது அமெரிக்க ஊழியர்கள், அமெரிக்கச் சம்பளம். இங்கே வகுப்பறை மலிவு என்பதால் அந்தச் சமநிலைப் புள்ளி தள்ளிப்போகும். ஐம்பது பேர் உள்ள பட்டறைக்குத் தனியாக உருவாக்குவது கட்டாது. பல பட்டறைகள் சேர்ந்து ஒரு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) வழியாகச் செய்வது யோசிக்கத்தக்கது.

ஹெட்செட் சேகரிக்கும் தரவை என்ன செய்வது?

குறைவாகச் சேகரியுங்கள். தலையும் கையும் அசையும் விதமே ஆளை அடையாளம் காட்டும். 2020இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவை வைத்து 511 பேரில் யார் யார் என்று 95% சரியாகக் கண்டுபிடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. எந்தப் படியில் தப்பு, எத்தனை முயற்சி, இவ்வளவு மட்டும் வைத்துக்கொண்டு மூல அசைவுத் தரவை அழித்துவிடுங்கள். பயிற்சி மார்க்கை இன்கிரிமென்ட்டோடு இணைக்கவே கூடாது. இணைத்த அன்றே ஆட்கள் தப்பு செய்து பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

'பிடித்திருந்ததா?' என்ற படிவத்தை நம்பாதீர்கள், முதல்முறை விஆர் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு படிகளில் அது முதல் படி மட்டுமே. அடுத்தவை கற்றது, வேலையில் நடந்துகொள்வது, விளைவு. லோட்டோவுக்கு மூன்றாவது படிதான் உயிர். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் தளத்துக்குப் போய், ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறார்களா, ஆளுக்கொரு பூட்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள். முடிந்தால் ஒரு ஷிஃப்ட்டுக்கு விஆரும் இன்னொரு ஷிஃப்ட்டுக்குப் பழைய முறையும் கொடுத்து ஒப்பிடுங்கள், பிறகு அவர்களுக்கும் விஆர் கொடுத்துவிடுங்கள்.

விஆர் முடித்தவரை நேராக வேலைக்கு அனுப்பலாமா?

கூடாது. மின்சாரம் இல்லாத நிஜப் பேனலில், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, சொந்தப் பூட்டோடு ஒருமுறையாவது முழுதாகச் செய்ய வேண்டும். பூட்டின் கனமும், துளையில் அது சிக்கும் விதமும் விஆரில் வராது. வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பர்மிட்டில் கையெழுத்துப் போடும் சூப்பர்வைசரும் அதே விஆர் காட்சியைச் செய்து முடித்திருக்க வேண்டும். வாக்கிடாக்கியில் அவசரப்படுத்தும் அந்தக் குரலை அவரும் ஒருமுறை பெல்ட்டுக்கு முன் நின்று கேட்கட்டும்.